சின்னவள் பெயரில் நுழைந்தவர்கள்

சின்னவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பெரியவள், தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் சின்னவள். மாமியார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. மூன்றாவது மாடியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வீடு. தனி வீடு கிடைக்கும்வரை என்று சொல்லி வந்த இளைய ஜோடி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பெரியவள் வேலை பார்த்தது காது கேட்கும் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில். முந்நூறுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அங்கே இருந்தன. எந்தக் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருள் எத்தனை மணிக்குத் திறந்தது, யார் பெயரில் திறந்தது, திறந்து என்ன செய்தது என்பதெல்லாம் ஒரு பதிவில் வந்து சேரும். அந்தப் பதிவைப் படித்து, திருடன் எவனாவது நுழைந்திருக்கிறானா என்று பார்ப்பது பெரியவளின் வேலை. பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்காக யாரும் மாடி ஏறி வந்து நன்றி சொல்வதில்லை.

சின்னவளுக்குக் கிடைத்தது கீழே ஹெல்ப் டெஸ்க்கில் ஒரு நாற்காலி. பிரிண்டர் ஓடவில்லை, மெயில் போகவில்லை என்று கூப்பிடுகிறவர்களின் கம்ப்யூட்டருக்குள் தன் இடத்திலிருந்தே நுழைந்து சரிசெய்து கொடுக்கும் வேலை. அதற்கென்று நிறுவனமே வாங்கிய ஒரு மென்பொருள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்தது. ‘காது மிஷின் செய்கிற கம்பெனியில் ஹெல்ப் டெஸ்க்குக்கு மட்டும் காது கேட்காது’ என்று ஊழியர்கள் பல வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். சின்ன வேலைதானே, கொழுந்தன் பெண்டாட்டி நமக்குக் கீழே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத்தான் பெரியவள் மேலாளரிடம் சிபாரிசு செய்தாள்.

மூன்றே மாதத்தில் அந்தக் கேலி நின்றுவிட்டது. சின்னவள் முதல் மணியிலேயே போனை எடுத்தாள். திட்டுகிறவர்களிடமும் சிரித்துப் பேசினாள். வரைபடப் பிரிவில் இருந்த மூத்த வரைபடக்காரர், யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், ஒருநாள் லிப்டில் பெரியவளிடம் சொன்னார்.

“உங்க வீட்டுப் பொண்ணாமே அது? தங்கமான பொண்ணு! நீங்களும் இங்கதான் வேலை பாக்குறீங்களா?”

பதினோரு வருஷமாக அதே லிப்டில் போகிறவளிடம் கேட்ட கேள்வி அது.

வீட்டிலும் இதே கதைதான். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது நாளுக்கு நாலு வேளை சொட்டு மருந்து விட்டவள் பெரியவள். மாமியாரின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவள் சின்னவள். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் மாமியார் அந்தப் போனைத்தான் எடுத்துக் காட்டினார். “சின்னவ வந்ததுலேர்ந்து வீடு கலகலன்னு இருக்குல்ல?” என்று கணவன் ஒருநாள் வெள்ளந்தியாகச் சொல்ல, “அதுக்கு முன்னாடி என்ன இழவு வீடாவா இருந்துச்சு?” என்று பெரியவள் கேட்டாள். அவன் செய்தித்தாளுக்குள் போய்விட்டான்.

ஆபீசில் ஆளுக்கு ஆள் குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு வசதி உண்டு. சின்னவளிடமிருந்து வருவதைப் பெரியவள் உடனே திறப்பதில்லை. பல சமயம் திறப்பதே இல்லை. காத்திருக்கட்டுமே என்று விட்டுவிடுவாள்.

ஆனால் வேறொன்றைத் தினமும் திறந்தாள். சின்னவள் யார் கம்ப்யூட்டருக்குள் போனாள், எவ்வளவு நேரம் இருந்தாள், என்ன தட்டினாள் என்பதெல்லாம் அந்த மென்பொருளின் பதிவில் எழுத்துக்கு எழுத்து இருக்கும். யாராவது புகார் கொடுத்தால் மட்டுமே அதைத் திறக்க வேண்டும் என்பது விதி. புகார் எதுவும் வரவில்லை. பெரியவள் நாலு மாதமாக, காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், முதலில் அதைத்தான் படித்தாள். மேற்பார்வை என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டாள். தேடியது ஒரு குற்றம். அது கிடைக்கவில்லை.

கிடைத்ததெல்லாம் சின்னவளின் பழக்கங்கள். எதிராளி ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தாமல் அவள் யார் கம்ப்யூட்டருக்குள்ளும் போகமாட்டாள். போனதும் நோட்பேடைத் திறந்து, ‘நான்தான் வந்திருக்கேன், மவுஸை விட்டுடுங்க’ என்று எழுதுவாள். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டாள். கமாண்ட் எழுதும் கறுப்புத் திரை என்றால் அவளுக்கு நடுக்கம். ஒரு வரி எழுத மூன்று தடவை தப்பு விடுவாள், அதுவும் ஃபோல்டர் பெயரின் நடுவில் இடைவெளி இருந்தால் ஐந்து தடவை. அந்தத் தப்புகளைப் படிக்கும்போது மட்டும் பெரியவளுக்குக் காபி இனித்தது.

ஒரு புதன்கிழமை காலை மேலாளர் அவள் அறைக்கு வந்தார். அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே பேசுகிறவர் அவர்.

“அடுத்த மாசத்துலேர்ந்து உங்களுக்கு ஒரு துணை போடலாம்னு இருக்கேன்மா. ஹெல்ப் டெஸ்க்ல உங்க வீட்டுப் பொண்ணு இருக்கே, அதைத்தான். நல்ல சூட்டிகை. உங்களுக்கும் சந்தோஷம்தானே?”

“ரொம்ப சந்தோஷம் சார்” என்றாள் பெரியவள். அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்தவள், ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போலப் பதிவைத் திறந்தாள். முதல் நாள் பகல் ஒன்று பத்துக்கு, சின்னவளின் பெயரில், வரைபடக்காரரின் கம்ப்யூட்டருக்குள் ஒரு நுழைவு. சாப்பாட்டு நேரம். வரைபடக்காரர் இடத்தில் இல்லை, சம்மதம் கேட்கப்படவில்லை. மொத்தம் நாற்பது நிமிஷம். கறுப்புத் திரை திறந்திருக்கிறது. புதுக் கருவியின் வரைபடங்கள் இருந்த ஃபோல்டரை ஜிப் செய்து சுருட்டியிருக்கிறார்கள். பிறகு, தினமும் பேக்கப் எடுக்க எல்லோரும் பயன்படுத்தும் அதே மென்பொருளை வைத்து, அந்தச் சுருட்டலை வெளியே ஏதோ ஒரு முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியவளின் நெஞ்சு படபடத்தது. அது பயத்தினால் வந்ததில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ‘மாட்டிக்கிட்டா’ என்ற ஒரு வார்த்தைதான் உள்ளே ஓடியது. மூன்று பக்கத்தையும் அச்செடுத்து, ஓரத்தை ஒழுங்காகத் தட்டிச் சேர்த்து, மேலாளர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

“எனக்கே நம்ப முடியல சார். வீட்டுப் பொண்ணுன்னு மறைக்கக் கூடாது பாருங்க.”

அப்படிச் சொல்லும்போது தன் குரல் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் அவள் கவனித்தாள்.

பத்தரை மணிக்குச் சின்னவளைக் கூப்பிட்டார்கள். மேஜையில் இருந்த பக்கங்களைப் படித்ததும் அவள் முகம் வெளுத்தது.

“நான் பண்ணல சார். அந்த நேரத்துல நான் சாப்பிட்டுட்டு மொட்டை மாடில நடந்துகிட்டு இருந்தேன்.”

“யாரு பாத்தாங்க?”

“யாரும் இல்ல.” அவள் திரும்பி, சுவரோரம் நின்றிருந்தவளைப் பார்த்தாள். “அக்கா, நீங்களாவது சொல்லுங்க. நான் அப்படிப் பண்ற ஆளா?”

பெரியவள் தரையைப் பார்த்தாள். சின்னவளின் கணக்கை முடக்கி, போனை வாங்கிக்கொண்டு, பார்வையாளர் அறையில் உட்கார வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று மணிக்கு ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள்.

தன் அறைக்குத் திரும்பிய பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மூன்று பக்கத்தையும் மறுபடி எடுத்தாள். படிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பிடித்த பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்பது போலத்தான் படித்தாள். மேலாளர் முகம், மாமியார் காதுக்கு விஷயம் போகும் நேரம், கணவன் செய்தித்தாளைக் கீழே வைக்கும் விதம் எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஏதோ உறுத்தியது.

கறுப்புத் திரையில் பதினேழு வரி. ஒன்றில்கூடத் தப்பில்லை. வரைபடக்காரரின் ஃபோல்டர் பெயரில் இரண்டு இடைவெளி உண்டு. போன மாதம் அதே ஃபோல்டரைத் திறக்க வந்த சின்னவள் ஆறு தடவை தடுமாறினாள். பெரியவள் எண்ணியிருந்தாள். இங்கே ஒரே தடவையில், நின்று நிதானித்த அடையாளமே இல்லாமல், அந்தப் பெயர் சரியாக விழுந்திருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பொறாமைதான். இவ்வளவு சுத்தமாக அடிக்க எப்போது கற்றுக்கொண்டாள்? யார் சொல்லிக் கொடுத்தது? எனக்கே இதற்கு இரண்டு தடவை ஆகுமே! அந்த எரிச்சலோடு ஒவ்வொரு வரிக்கும் இடையே எத்தனை நொடி என்று கணக்குப் போட்டாள். இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. கையால் தட்டுகிறவர்களின் வேகம் இல்லை அது. முன்னாடியே எழுதி வைத்ததை யாரோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நோட்பேடில் அந்த ஒரு வரி இல்லை. சம்மதம் கேட்கவில்லை. நாற்பது நிமிஷம்.

பெரியவள் நாற்காலியில் சாய்ந்தாள். இதைச் செய்தது சின்னவள் இல்லை. அது உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நாலு மாதமாகத் தினமும் படித்த கை அது. இந்தக் கை வேறு.

அவள் உடனே எழுந்துவிட்டாள் என்று சொன்னால் பொய். சுவர்க் கடிகாரத்தில் கொஞ்ச நேரம் போயிற்று. தான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. மூன்று மணிக்கு ஆட்கள் வருவார்கள், பெயரைப் பார்ப்பார்கள், பெயர் சின்னவளுடையது, அவ்வளவுதான். இந்த எண்ணத்தை அவள் விரட்டக்கூட இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். பிறகுதான் அவளுக்குள் இருந்த வேலை தெரிந்தவள் விழித்துக்கொண்டாள். சின்னவள் இல்லையென்றால் யாரோ ஒருவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

அவனுக்கு வைரஸ் எதுவும் தேவைப்படவில்லை. கம்பெனி வாங்கிய மென்பொருளை வைத்தே நுழைந்து, கம்ப்யூட்டரோடு வந்த கறுப்புத் திரையில் எழுதி, எல்லோரும் எடுக்கும் பேக்கப் வழியாகவே அள்ளிப் போயிருக்கிறான். ஆன்டிவைரஸ் எதற்குக் கத்தும்? எல்லாமே நம் சாமான். ஆகவே சாமானைத் தேடிப் பிரயோஜனம் இல்லை, பெயரைத் தேடியும் பிரயோஜனம் இல்லை. பழக்கத்தைத்தான் தேட வேண்டும். சம்மதம் கேட்காத நுழைவு, அது நடந்த இரண்டு நிமிஷத்துக்குள் கறுப்புத் திரை, அதற்குப் பின்னால் வெளியூர் முகவரிக்குப் பேக்கப். இந்த மூன்றும் இதே வரிசையில் எங்கெல்லாம் நடந்திருக்கின்றன, அல்லது நடக்கத் தொடங்கியிருக்கின்றன என்று, யார் பெயரையும் போடாமல், முந்நூறு கம்ப்யூட்டர்களிலும் தேடவிட்டாள். வழக்கமாகவே அப்படி நடக்கும் இடங்கள் எவையென்று அவளுக்குத் தெரியும், அவற்றை மட்டும் கழித்துவிட்டாள்.

அந்தத் தேடல் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று இடங்கள் வந்தன. ஒன்று வரைபடக்காரருடையது. இன்னொன்று போன வெள்ளிக்கிழமை, கொள்முதல் பிரிவில். மூன்றாவது முதல் மாடியில், காது பரிசோதனைக்கு வரும் குழந்தைகளின் விவரங்கள் இருக்கும் கம்ப்யூட்டர். அதற்கு நேராக முடிவு நேரம் இல்லை. நுழைவு தொடங்கியது ஒன்று பதினொன்று. இப்போது ஒன்று பதினான்கு. பெயர், மேலாளருடையது.

அவள் இரண்டு அறை தள்ளி இருந்த மேலாளரிடம் ஓடினாள்.

“சார், நீங்க இப்ப யாரு கம்ப்யூட்டருக்குள்ளயாவது இருக்கீங்களா?”

“நான் சாப்பாட்டுக்குள்ள இருக்கேன்மா” என்றார் அவர், வாயில் கவளத்தோடு.

பெரியவள் லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடி இறங்கி, யாரும் இல்லாத அந்த அறைக்குள் நுழைந்தாள். கம்ப்யூட்டரில் யாருடைய கையும் இல்லை. கறுப்புத் திரையில் வரிகள் தாமாக விழுந்துகொண்டிருந்தன. மேஜைக்கடியில் முழங்காலிட்டு, நீல நிற நெட்வொர்க் வயரைப் பிடித்து இழுத்தாள். திரை அப்படியே நின்றது. சுருட்டல் பாதிதான் ஆகியிருந்தது. ஒரு விவரமும் வெளியே போகவில்லை.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்த மேலாளர், திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவக்கூட மறந்து நின்றார்.

“என் பாஸ்வேர்டு எப்படிப் போச்சு?”

அதைத் தேடுவது கஷ்டமாக இல்லை. பத்து நாளைக்கு முன் நாலு பேருக்கு ஒரு போலி மெயில் வந்திருந்தது. ‘உங்கள் தொலைவு உதவி மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது, இங்கே உள்நுழையவும்.’ மேலாளர் உள்நுழைந்திருந்தார், சின்னவளும் நுழைந்திருந்தாள். மேலாளர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள் கேட்டிருக்கிறாளா என்று பார்க்கத்தான் பெரியவள் தன் குறுஞ்செய்திகளைத் திறந்தாள்.

அந்த மெயில் வந்த தேதியில், படிக்காமலே கிடந்தது அது.

‘அக்கா, இந்தப் பக்கம் நம்மளுதுதானா? பாஸ்வேர்டு போட்டுட்டேன், அப்புறம்தான் சந்தேகமா இருக்கு. மாத்தணுமா? நீங்க சொன்னா மாத்திடறேன்.’ அதற்குக் கீழே மறுநாள் இன்னொன்று. ‘அக்கா, பிஸியா இருக்கீங்க போல. சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கறேன்.’

ஒரே வீட்டில் தூங்கி எழுகிறவள், பல் தேய்க்கும்போது கேட்டிருக்கலாமே என்று பெரியவளுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு ஞாபகம் வந்தது. ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசாதே என்று முதல் வாரத்திலேயே கறாராகச் சொன்னவள் அவளேதான். சின்னவள் தன் ஆபீஸ் பெருமையை மாமியார் முன்னால் சொல்லிவிடக் கூடாதே என்று போட்ட கட்டுப்பாடு அது.

மூன்று மணிக் கூட்டத்தில் பெரியவள் எதையும் விடாமல் சொன்னாள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அவங்க இல்லன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

“நாலு மாசமா அவ பதிவைத் தினமும் படிச்சிட்டு இருக்கேன் மேடம்.”

“புகார் இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குப் படிச்சீங்க?”

பார்வையாளர் அறையிலிருந்து அழைத்து வரப்பட்ட சின்னவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். பெரியவள் அவளைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

“பொறாமைல.”

மேலாளரின் விரலில் நாடா சுற்றுவது நின்றது. அந்த அதிகாரி குறிப்பேட்டில் என்ன எழுதினாரோ தெரியாது. பெரியவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தானும் அதே பக்கத்தில் பாஸ்வேர்டு போட்ட மேலாளர் அதில் கையெழுத்துப் போட்டபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று இருவரும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு இருக்கையில் வீடு திரும்பினார்கள். இறங்கி நடக்கும்போது சின்னவள் கேட்டாள்.

“என் மெசேஜைப் பாத்தும் சும்மா இருந்தீங்களா அக்கா, இல்ல பாக்கவே இல்லையா?”

“பாக்கவே இல்ல.”

“அதுதான் எனக்குத் தாங்கல. காலைல நீங்க வாயைத் திறக்காம நின்னதைக்கூடப் பொறுத்துக்குவேன்.”

மூன்று வாரத்தில் சின்னவளும் அவள் கணவனும் தனி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று மாமியார் துருவித் துருவிக் கேட்டார். “ஆபீசுக்குப் பக்கத்துல கிடைச்சுது அத்தை” என்பதற்கு மேல் சின்னவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொழுந்தனுக்கும் சொல்லவில்லை என்பது அவன் சாமான் ஏற்றும்போது, “அண்ணி, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடணும்” என்று கூப்பிட்டதில் தெரிந்தது. பெரியவள் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். சின்னவள் சண்டை போட்டிருந்தால், நாலு பேரிடம் சொல்லித் தூற்றியிருந்தால், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இதிலும் அவளே ஜெயித்துவிட்டுப் போகிறாள் என்றுதான் தோன்றியது.

சொன்னபடி அடுத்த மாதம் சின்னவள் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்தாள். ஒரே அறையில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியவள் அன்று தேடிய அந்த வரிசையை வைத்து, இனி நடந்தால் உடனே மணி அடிக்கும்படி ஒரு எச்சரிக்கை அமைக்க வேண்டும் என்று மேலாளர் அந்த வேலையைச் சின்னவளிடம் கொடுத்தார். ‘கண்டுபிடிச்சது நான்’ என்பது தொண்டைவரை வந்தது. பெரியவள் அதைத் தண்ணீரோடு விழுங்கினாள்.

முதல் நாளே இருநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள் அடித்தன. ஒன்றுகூடத் திருடன் இல்லை. பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

“சிரிக்காதீங்க அக்கா” என்றாள் சின்னவள் திரும்பாமலே. குரலில் முறைப்பு கொஞ்சம் இளகியிருந்தது. “எப்படிக் குறைக்கறதுன்னு சொல்லுங்க.”

பெரியவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டாள். கணக்குப் பிரிவின் பேக்கப் ஏன் அப்படிப் போகிறது, கிடங்கில் ஆள் இல்லாத கம்ப்யூட்டர்களுக்குச் சம்மதம் கேட்க ஏன் வழியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சின்னவள் குறித்துக்கொண்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு முப்பதாகக் குறைந்தது. அந்த முப்பதுக்கான காரணமும் பெரியவளுக்குத் தெரியும். பழைய அச்சு இயந்திரத்தை இயக்கும் கம்ப்யூட்டர் ஒன்றின் கைவரிசை அது. அதை மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் வருவதற்குள் சின்னவள் அதையும் தானே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.